ஓவியர் பதில்கள்: மையும் காகிதமும்

இந்த மாதம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த ஓவியர். திருவல்லிக்கேணியில் வசிக்கிறார். இதழ்களில் வரும் கதைகளுக்கும் சிறுவர் நூல்களுக்கும் படம் வரைகிறார். இன்றும் நிப்பும் மையும் வைத்துக் கையால்தான் வேலை.

ஓவியர்களின் ஒரு நாள் எப்படி இருக்கும் அம்மா? மனசு வந்தால்தான் வரைவீர்களா?
- ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், ஸ்ரீரங்கம்

மனசு வரட்டும் என்று காத்திருக்க வார இதழ் இடம் கொடுக்காது ஐயா. செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் கதை வந்தால் வியாழன் மாலைக்குள் படம் போய்ச் சேர வேண்டும். முதல் முறை சும்மா கதையாக வாசிப்பேன். இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்து, படத்துக்கு வேண்டியதை அடிக்கோடிடுவேன். என்ன நேரம், யாருக்கு என்ன வயது, என்ன உடுத்தியிருக்கிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். இதில் பாதி கதையில் இருக்காது. 'பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்' என்று எழுதிவிட்டு எழுத்தாளர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். எனக்கு அது எந்த ஊர்த் திண்ணை என்று தெரிந்தாக வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஓட்டு வீட்டில் மரத்தூணில் சாய்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொள்ளலாம். கரிசல் பக்கம் சாணி மெழுகிய தாழ்வான மண் திண்ணையில் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சு வரைக்கும் வந்துவிடும். உயரம் மாறினால் உடம்பு மடங்குகிற விதமே மாறிப்போகும். அதனால் எழுத்தாளருக்கே ஃபோன் போட்டுக் கேட்டுவிடுவேன். இதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பலர் சந்தோஷமாகி, தங்கள் தாத்தா வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் படத்துக்கு வேண்டிய ஊஞ்சலும் வெற்றிலைப் பெட்டியும் கிடைக்கும்.

அப்புறம் இதழின் பக்கங்களை வடிவமைக்கும் லே-அவுட் செய்பவரிடம் பேச வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்த படம் என்றால் நடு மடிப்பில் முகம் விழக்கூடாது. தலைப்பு எந்த மூலையில் வரப்போகிறதோ அங்கே வானமோ சுவரோ வெறுமையாக விட வேண்டும். கதையின் முடிவு படத்தில் தெரிந்துவிடக் கூடாது என்பதில் நான் ரொம்பக் கண்டிப்பு. கடைசிப் பத்தியில் அந்தப் பெண் வீட்டைவிட்டுப் போகிறாள் என்றால் அவள் கையில் பெட்டியை வரையவே மாட்டேன், ஆசிரியர் கேட்டாலும். எழுதியவர் பக்கம் பக்கமாகக் கட்டி வைத்ததைப் பக்கத்தைத் திருப்பும் முன்பே கலைக்க எனக்கு உரிமை இல்லை.

மை வேலை எல்லாம் காலை ஆறிலிருந்து பத்துக்குள். தெரு அமைதியாக இருக்கும், கையும் நிதானமாக இருக்கும். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மை போட உட்காருவதில்லை. குக்கர் கூப்பிட்டால் கோட்டைப் பாதியில் விட்டு எழ வேண்டிவரும், திரும்பி வந்து தொட்டால் ஒட்டுப்போட்ட இடம் தெரியும். மதியம் ஸ்கேன், திருத்தம், பார்சல், பண விஷயம். இரவில் வண்ணம் தொடுவதில்லை. மஞ்சள் விளக்கில் நீலமும் பச்சையும் நம்மை ஏமாற்றிவிடும்.

வெளிச்சம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓவியருக்கு வடக்கு ஜன்னல்தான் நல்லது, நேர் வெயில் விழாது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும். சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் என் வடக்கு ஜன்னலுக்கும் வெயில் வந்துவிடும். வெள்ளை வேட்டித் துணி ஒன்றைத் திரையாகக் கட்டிக்கொள்கிறேன். வெளிச்சம் பால் போலப் பரவிவிடும், நிழல் கோட்டின் மேல் விழாது. வீட்டிலிருந்து வரைகிறவர்கள் செய்து பாருங்கள்.

அக்கா, நான் ஐபேடில்தான் வரைகிறேன். எத்தனை பிரஷ் வேண்டுமானாலும் இருக்கிறது, தப்பினால் ஒரு தட்டில் பழையபடி ஆகிவிடுகிறது. நீங்கள் ஏன் இன்னும் காகிதத்தை விடவில்லை?
- கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

டேப்லெட் என் மேசையிலும் இருக்கிறதம்மா. பாடநூல் வேலைக்கு அதுதான் சரி. குழந்தையின் சட்டை நிறத்தை மாற்றுங்கள், மரத்தைத் தள்ளி வையுங்கள் என்று திருத்தம் மேல் திருத்தம் வரும். காகிதத்தில் அதைச் செய்யப் போனால் ஒவ்வொரு முறையும் புதுப்படம் வரைய வேண்டும். கருவியின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

ஆனால் எனக்கே தேர்ந்தெடுக்க விட்டால் காகிதம்தான். காரணம் நீ எழுதியிருக்கிற அதே 'ஒரு தட்டு'. திரையில் முதல் கோடு பிடிக்கவில்லை என்றால் அழிக்கலாம், இரண்டாவதையும் அழிக்கலாம். எது சரியாக வருகிறதோ அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அப்போது தேர்வு நடப்பது கோடு விழுந்த பிறகு. மை தொட்ட நிப்பைக் காகிதத்தில் வைக்கும்போது கோடு விழுவதற்கு முன்பே எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். அதற்காக நான் பார்க்கிறேன், நிறைய நேரம் பார்க்கிறேன்.

இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நடக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள். குடம் இருக்கும் பக்கம் இடுப்பு மேலே தள்ளியிருக்கும். முதுகு எதிர்ப்பக்கம் வளையும். எதிர்க்கை உடம்பைவிட்டு விலகி, காற்றில் எதையோ பிடித்ததுபோல நிற்கும். அந்தக் கையை உடம்போடு ஒட்டி வரைந்துவிட்டால் குடம் காலிக் குடமாகிவிடும். பிளாஸ்டிக் குடம் வந்த பிறகு நடையே கொஞ்சம் மாறியிருக்கிறது, பித்தளைக் குடத்தின் கனம் அதில் இல்லை. இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது எங்கள் தெரு முனையில் தண்ணீர் லாரி வரும் நேரத்தில், கையில் சின்ன நோட்டுடன் நின்று. அழிக்க முடியாத மையால் வரைய வேண்டியிருந்ததால்தான் அப்படி நின்றேன். அழிக்க வழி இருந்திருந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து ஒப்பேற்றியிருப்பேன்.

இன்னொன்று அளவு. திரையில் விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கி, ஒரு கண்ணிமைக்கு அரைமணி நேரம் செலவழிக்கிறோம். அச்சில் அந்த முகமே கட்டைவிரல் நகம் அளவுதான் வரும். காகிதத்தில் படம் முழுதும் ஒரே சமயத்தில் கண்முன் இருக்கிறது. மூக்கை வரையும்போதே பாதம் எங்கே என்று ஓரக்கண்ணுக்குத் தெரிகிறது. பக்கம் முழுதும் சேர்ந்து மூச்சு விடுவது அதனால்தான்.

நிப்பின் சுகத்தையும் சொல்லாமல் விட முடியாது. அழுத்தினால் அதன் இரண்டு முனைகளும் விரியும், கோடு தடிக்கும். விட்டால் மெலியும். கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் ஒரே கோட்டில் தடிமனும் மெலிவும் மாறி மாறி வரும்போது உள்ளே எலும்பு இருக்கிறது என்று தெரியும். திரை வழவழப்பாக இருக்கிறது, அதில் முனை வழுக்கிக்கொண்டு போகிறது. கொஞ்சம் சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் பேப்பர் முனையைப் பிடித்து நிறுத்தும். அந்தப் பிடிமானத்தை எதிர்த்து இழுக்கும்போதுதான் என் கை விழித்துக்கொள்கிறது.

ஐபேடை விட வேண்டாம். ஒரு மாதம் மட்டும், தினமும் அரைமணி, பென்சில் இல்லாமல் நேரே பேனாவால் உன் வீட்டிலிருப்பவர்களை வரைந்து பார். அம்மா காய் நறுக்கும்போது, அப்பா பேப்பர் படிக்கும்போது. பிறகு ஐபேடுக்குத் திரும்பிப் போனால் உன் கோடு எப்படி மாறியிருக்கிறது என்று நீயே பார்ப்பாய்.

வரையும்போது பாட்டுக் கேட்பீர்களா?
- வாசகர், விருதுநகர்

பென்சில் வேலையின்போது நாகஸ்வரம் கேட்பேன். மை போடும்போது எதுவும் கேட்பதில்லை. நிப் காகிதத்தில் கீறும் சத்தம் காதில் விழ வேண்டும். சத்தம் மாறினால் மை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பழைய வார இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்தக் காலப் படங்களில் சின்னச் சின்னக் கோடுகளாலேயே நிழல், துணி, இரவு எல்லாம் வந்துவிடும். இப்போது அப்படி யாரும் வரைவதில்லையே?
- 78 வயது வாசகர், தஞ்சாவூர்

நீங்கள் கேட்டதில் எனக்கு எத்தனை மகிழ்ச்சி தெரியுமா ஐயா! அந்தக் கோடுகள் ஒரு அழகுக்காக மட்டும் வந்தவை இல்லை. அச்சு அப்படி இருந்தது. அன்று படத்தைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்வார்கள். கோடு இருக்கும் இடம் மேடாக நிற்கும், மற்ற இடத்தை அமிலம் அரித்துவிடும். மேட்டில் மை தடவி அழுத்தினால் படம். இதில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, சாம்பல் நிறம் கிடையாது. சாம்பல் வேண்டுமானால் படத்தைப் புள்ளிகளாக உடைக்கும் ஹாஃப்டோன் பிளாக் செய்ய வேண்டும். நியூஸ் பிரிண்ட் போன்ற முரட்டுக் காகிதத்தில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து அழுக்காகிவிடும். எனவே ஓவியர் தன் கையாலேயே சாம்பலை உண்டாக்க வேண்டியிருந்தது. நெருக்கமான கோடு என்றால் இருட்டு, விட்டு விட்டுப் போட்டால் வெளிச்சம், குறுக்கே இன்னொரு அடுக்கு போட்டால் மழை நாள். அச்சில் வருவதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவார்கள். சுருக்கும்போது கோடுகள் இறுகி, கை நடுக்கமெல்லாம் மறைந்துவிடும். நான் இன்றும் அந்த அளவில்தான் வரைகிறேன்.

ஆனந்த விகடனில் மாலி என்ற ஓவியர் இருந்தார். கோபாலனுக்குக் கோபுலு என்றும் சீனிவாசனுக்குச் சில்பி என்றும் பெயர் வைத்தவர் அவர்தான். இருவர் கையும் இரண்டு திசைக்குப் போயின. சில்பி கோயில்களுக்கே போய் உட்கார்ந்து சிலைகளைத் தொடராக வரைந்தார். அந்தத் தொடரில் வந்த ஒரு அம்மன் படத்தை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், கல்லின் வழவழப்பும் ஆபரணத்தின் கூர்மையும் வேறு வேறு விதமான கோட்டில் இருக்கும். கோபுலுவுக்கு நிழலே தேவைப்படாது. ஒரு வளைவில் தொந்தி, ஒரு சுழிப்பில் சலிப்பு. அவர் 1924-ல் தஞ்சாவூரில் பிறந்தவர், உங்கள் ஊர்க்காரர். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தார். அதே பள்ளி வளர்ந்து கல்லூரியான பிறகு அங்கே நானும் படித்தேன் என்பது எனக்குப் பெரிய பெருமை. 2015-ல் அவர் மறைந்த செய்தி வந்த அன்று என்னால் வேலை செய்ய முடியவில்லை.

ஆஃப்செட் அச்சு முறை வந்த பிறகு வண்ணமும் சாம்பலும் சுலபமாகிவிட்டன. கோடு போட வேண்டிய கட்டாயம் போய்விட்டது. கட்டாயம் போனால் பயிற்சியும் போய்விடும். ஆனாலும் ஆள் இல்லாமல் போகவில்லை. ஓவியர் ஆதிமூலம் 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களைப் பாருங்கள். பத்திரிகைக்கு அவர் வரைந்த கோடுகளில் கரிசல் மண்ணின் வெடிப்பே தெரியும். டிராட்ஸ்கி மருதுவின் பிரஷ் கோட்டில் குதிரை ஓடுகிற வேகம் இன்றும் இருக்கிறது. உங்களிடமுள்ள இதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். துணியில் சுற்றி, தரையில் படாமல், படுக்கை வாக்கில் வையுங்கள்.

எனக்கு ஓவியம் வராது. கோலம் மட்டும் நன்றாகப் போடுவேன், சிக்குக் கோலம். 45 வயதுக்கு மேல் வரையக் கற்றுக்கொள்ள முடியுமா?
- இல்லத்தரசி, காரைக்குடி

சிக்குக் கோலம் போடுகிறவர் தனக்கு ஓவியம் வராது என்று எழுதினால் நான் எப்படி ஒப்புக்கொள்வது சகோதரி? நீங்கள் செய்வதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புள்ளி வைக்கும்போது அளவுகோல் இல்லாமல் சம இடைவெளி விடுகிறீர்கள். மாவைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து விடும் அளவும், கை நகரும் வேகமும் ஒத்துப்போனால்தான் கம்பி ஒரே தடிமனில் விழும். மெதுவாகப் போனால் மாவு குவியும், வேகம் கூடினால் கோடு அறுந்துவிடும். வளைவைப் போடும்போது விரலை மட்டும் ஆட்டுவதில்லை, தோளிலிருந்து கை முழுதும் சுற்றுகிறது. ஓவியக் கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு 'தோளிலிருந்து வரை, மணிக்கட்டிலிருந்து வரையாதே' என்று சொல்லிச் சொல்லி வாத்தியார்களுக்குத் தொண்டை வறண்டுவிடும். உங்களுக்கு அது சின்ன வயதிலேயே வந்துவிட்டது.

உங்களுக்குப் புதிதாக வேண்டியது ஒன்றுதான். கோலத்தில் வழி முன்பே மனசில் இருக்கிறது. படத்தில் எதிரே இருப்பதைப் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பித்தளைச் சொம்பை ஜன்னலோரம் வையுங்கள். பெரிய தாள், கறுப்பு ஸ்கெட்ச் பேனா. தாளைப் பார்ப்பதைவிடச் சொம்பை அதிகம் பாருங்கள். அடுத்த நாள் அதையே கொஞ்சம் கீழே வைத்து, வாய் வட்டம் எப்படி விரிகிறது என்று வரையுங்கள். கண் மட்டத்தில் அது கோடாகிவிடும், கீழே போகப் போக வட்டம் திறக்கும். இதைப் பிடித்துவிட்டால் பாத்திரம், கிணறு, சக்கரம், பெண்களின் வளையல் எல்லாம் உங்கள் கைக்குள்.

கதைக்குப் படம் வரைந்து கொடுக்கிறேன். பணம் எப்போது வரும் என்று தெரியவில்லை, என் படத்தை வேறு இடத்திலும் போட்டுக்கொள்கிறார்கள். கேட்டால் 'அதான் காசு கொடுத்தாச்சே' என்கிறார்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத இளம் ஓவியர், திருநெல்வேலி

தம்பி, என் படம் ஒன்றையும் ஒரு நிறுவனம் என்னைக் கேட்காமல் காலண்டரில் அச்சிட்டது. அந்த வலி எனக்குத் தெரியும். அதனால் இதைக் கவனமாகப் படிக்கவும். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை காலத்துக்கு என்று எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை விற்றுவிட்டாலும்கூட 'இது நான் வரைந்தது' என்று சொல்லும் உரிமை உன்னிடமே இருக்கும், அது 57-ஆம் பிரிவு. ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்வது, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொல்வது போன்ற நிலைகளில் முதல் உரிமை யாருக்கு என்பதில் சட்டம் வேறு மாதிரியும் பேசுகிறது. ஆகவே வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு. பெரிய பத்திரம் வேண்டியதில்லை. 'இந்தப் படம் இந்த இதழில் ஒரு முறை வெளியிட மட்டும், தொகை இவ்வளவு, வெளியான இத்தனை நாளுக்குள்' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகு பென்சிலைத் தொடு.

கையால் வரைகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. ஸ்கேன் மட்டும் அனுப்பு, கோட்டோவியம் என்றால் 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), வண்ணம் என்றால் 300 போதும். ஒரிஜினல் உன் வீட்டில் இருக்கட்டும். நல்ல ஒரிஜினலை ஆசையாகக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கஷ்டமான மாதங்களில் என் வீட்டு வாடகை சில நேரம் அப்படித்தான் போயிருக்கிறது.

எந்த பிரஷ் வாங்கலாம்? கீரிமுடி பிரஷ்தான் உயர்ந்தது என்று எங்கள் ஓவிய ஆசிரியர் சொல்வார்.
- வாசகி, ஈரோடு

அந்த பிரஷ்ஷின் முனை நன்றாக நிற்கும் என்பது உண்மை, ஒரு காலத்தில் எல்லாக் கடையிலும் கிடைத்தது. ஆனால் அந்த முடி உயிரோடு இருக்கும் கீரியிடமிருந்து வருவதில்லை. கொன்றுதான் எடுக்கிறார்கள், ஒரு கீரியிடமிருந்து கிடைக்கும் முடியும் கொஞ்சம்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அந்த பிரஷ்ஷை விற்பதும் வாங்குவதும் குற்றம். யாராவது ரகசியமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். நம் வயல்களில் பாம்பையும் எலியையும் பிடித்துத் திரியும் உயிர் அது. ஒரு கோட்டுக்காக அது சாக வேண்டியதில்லை.

இப்போது வரும் செயற்கை இழை பிரஷ்களே போதும். கடையில் ஒரு கிண்ணம் தண்ணீர் கேளுங்கள். பிரஷ்ஷை நனைத்து ஒரு உதறு உதறினால் முடி ஒன்றாகச் சேர்ந்து கூர்மையாக நிற்க வேண்டும். இரண்டாகப் பிளந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் சோப்பில் கழுவி, விரலால் முனையைக் கூர்மையாக்கிப் படுக்க வையுங்கள். தண்ணீர் டம்ளருக்குள் தலைகீழாக நிறுத்தி வைத்தால் முனை வளைந்துவிடும், பிறகு நிமிராது.

இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினேன், பேனா அடைத்துக்கொண்டது. ஏன்?
- பத்தாம் வகுப்பு மாணவன், நாகப்பட்டினம்

அதில் கரித்தூளோடு அரக்கு கலந்திருக்கும் தம்பி. காய்ந்தால் இறுகிவிடும், தண்ணீர் பட்டாலும் கரையாது. அதனால்தான் அதன் மேல் வண்ணம் பூசினாலும் கோடு கலங்குவதில்லை. அது தொட்டு எழுதும் நிப்புக்கு மட்டும். புது நிப்பை முதலில் சோப்பு நீரில் கழுவு, மேலே பூசியிருக்கும் எண்ணெய் போனால்தான் மை பிடிக்கும்.

ஏஐ ஒரு நிமிடத்தில் படம் கொடுத்துவிடுகிறது. இன்னும் பத்து வருடத்தில் உங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருக்குமா? மனம் நோகக் கேட்கவில்லை.
- மென்பொருள் பொறியாளர், சென்னை

மனம் நோகவில்லை. வேலை குறைந்திருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. சின்ன இதழ்களிலிருந்தும் கல்யாண அழைப்பிதழ் அச்சகங்களிலிருந்தும் வந்த வேலைகள் இப்போது வருவதில்லை. வீட்டில் உட்கார்ந்து வரைந்து சம்பாதித்த பல பெண்களுக்கு இது பெரிய அடி.

ஒரு அலுவலகத்தில் 'நாற்று நடும் தமிழ்ப் பெண்' என்று கேட்டு வாங்கிய படத்தைக் காட்டினார்கள். பெண் நிமிர்ந்து நின்று சிரிக்கிறாள். முந்தானை காற்றில் பறக்கிறது. கையில் நாற்று பூங்கொத்தாக இருக்கிறது. நடவு வயலில் நான் பார்த்த பெண்கள் புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகி, ரவிக்கைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். இடுப்பிலிருந்து குனிந்து, இடது கையில் நாற்றுமுடி, வலது கை விரல்களால் சேற்றில் ஊன்றிக்கொண்டே பின்பக்கமாக நகர்வார்கள். கெண்டைக்காலில் சேறு காய்ந்து வெளுத்திருக்கும். அந்தப் படத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. அழகாக இருக்கிறது என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெண்களின் உழைப்பையே துடைத்துவிட்டு ஒரு அழகு.

நாளைக்கு அந்த இயந்திரம் சட்டையையும் சேற்றையும் சரியாகப் போடக் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்வது எதிலிருந்து? கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தவர்களின் படங்களிலிருந்து, அவர்களைக் கேட்காமல். 2025 மார்ச் மாதம் ஜப்பானின் கிப்லி என்ற கார்ட்டூன் பட ஸ்டூடியோவின் பாணியில் தங்கள் குடும்பப் படங்களை ஏஐ மூலம் மாற்றிக்கொள்ள உலகமே ஓடியது. பல பத்தாண்டுகளாகக் கையால் வரைந்து வரைந்து அவர்கள் சேர்த்த பாணி அது. நீங்கள் மென்பொருள் துறையில் இருக்கிறீர்கள். அனுமதி கேட்பதும் பணம் கொடுப்பதும் அந்த இயந்திரத்துக்குள்ளேயே வர வேண்டும் என்று உங்கள் அலுவலகத்தில் பேசுங்கள். நாங்கள் வெளியே நின்று சொல்வதைவிட நீங்கள் உள்ளே சொல்வது எடுபடும்.

வேலை இருக்குமா என்றீர்கள். வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைகிறவர் ஒருவர் வேண்டும் என்று நினைக்கும் ஆசிரியர்கள் இருக்கும் வரை இருக்கும். அப்படிப்பட்ட சிலருக்கு இப்போதும் வரைந்துகொண்டிருக்கிறேன்.

தெருவில், ரயிலில் மனிதர்களை வரையும்போது யாரும் திட்டமாட்டார்களா?
- வாசகி, மதுரை

எழும்பூர் ஸ்டேஷனில் ராத்திரி தெற்கே போகும் வண்டிகளுக்குக் காத்திருப்பவர்கள்தான் எனக்குப் பிடித்தவர்கள். பையைத் தலைக்கு வைத்து, ஒரு கையைக் கண் மேல் போட்டுத் தூங்குவார்கள். தூக்கத்திலும் இன்னொரு கை பையின் வாரைப் பிடித்திருக்கும். அந்தக் கையை மட்டும் பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறேன். விழித்திருப்பவர் பார்த்துவிட்டால் நோட்டைக் காட்டிவிடுவேன். வேண்டாம் என்றால் மூடிவிட வேண்டும், அதில் விவாதமே கிடையாது. பெரும்பாலும் 'மீசையை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்கம்மா' என்பார்கள். கேமராவைத் தூக்கினால் முகம் இறுகிவிடும். நோட்டும் பேனாவும் என்றால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேட்ட பிறகுதான்.

மகன் பிளஸ் டூ. ஓவியம்தான் படிப்பேன் என்கிறான். அவன் அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், விழுப்புரம்

சென்னையில் எழும்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. கும்பகோணத்தில் இன்னொன்று. மாமல்லபுரத்தில் சிற்பத்துக்கும் கட்டடக் கலைக்கும் தனிக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு வரைந்து காட்டும் தேர்வு எழுதிச் சேரலாம், பட்டப்படிப்பு நான்கு வருஷம். ஓவியம், சிற்பம் மட்டும் என்று நினைக்காதீர்கள், துணி வடிவமைப்பு, மண்பாண்டம், விஷுவல் கம்யூனிகேஷன் என்று பிரிவுகள் உண்டு. அப்பாவைச் சமாதானப்படுத்தப் பேச்சு உதவாது. கல்லூரியில் ஆண்டுக் கண்காட்சி நடக்கும்போது இருவரையும் ஒன்றாக அனுப்புங்கள். என் அப்பா என் வகுப்பறைக்கு ஒரு முறை வந்து, சுவாமிமலை ஸ்தபதி வீட்டுப் பையன் மெழுகில் விரல் வடிப்பதை ரொம்ப நேரம் நின்று பார்த்தார். அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முதல் தேதியில் வண்ணம் வாங்கக் காசு தர ஆரம்பித்தார்.

ஆன்ட்டி, நான் யானை வரைஞ்சா பன்றி மாதிரியே இருக்கு. எப்படிச் சரி பண்றது?
- மூன்றாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்

என் ஊர்க்காரப் பாப்பாவா! ரொம்ப நல்ல கேள்வி. தலை சின்னதாகவும் கால் குட்டையாகவும் போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். யானையின் தலை ரொம்பப் பெரிது. கால் தூண் மாதிரி நேராக இறங்கி, கீழேயும் அதே தடிமனில் இருக்கும். நம் ஊர் யானையின் நெற்றியில் இரண்டு மேடு, நடுவில் பள்ளம். முதுகு நடுவில் மேலே வளையும். கண்ணை மேலே வைக்காதே, தும்பிக்கை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே வை. முன்னங்காலில் ஐந்து நகம், பின்னங்காலில் பெரும்பாலும் நான்கு. தும்பிக்கை நுனியில் விரல் மாதிரி ஒரு சின்ன நீட்டம் இருக்கும், ஆப்பிரிக்க யானைக்கு அது இரண்டு.

அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு கோயில் யானையைப் பார்க்கப் போ. பாகன் மாமாவைக் கேட்டுவிட்டு, நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நின்று பார். முதல் நாள் அதன் கால்களை மட்டும் வரைந்து பார். அடுத்த நாள் காதும் தலையும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராசுரம் கோயிலுக்குப் போய், யானைக்கும் காளைக்கும் ஒரே தலை இருக்கும் சிற்பம் எங்கே இருக்கிறது என்று தேடு. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அதையும் வரைந்துவிட்டு இரண்டு படத்தையும் இந்த இதழின் முகவரிக்கு அனுப்பு. மடிக்காமல், அட்டை வைத்து அனுப்பு. பின்பக்கம் உன் வகுப்பையும் தேதியையும் எழுது.